ரேடியோ 4-இல் ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில் காபி போடும் நேரத்தில் அடுப்படியிலிருந்து ஒரு குரல் "வைக்கிங், வடக்கு உட்சீரே, தெற்கு உட்சீரே" என்று ஆங்கிலத்தில் ஓதிக்கொண்டிருந்தால், வீட்டுக்கு வருகிறவர்கள் கேள்வி கேட்கத்தான் செய்வார்கள். பிரிட்டனின் பிபிசி ரேடியோ 4 நிலையத்தைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். உறவினர்களும் நண்பர்களும் அதைப் பற்றிக் கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். இனி யாராவது கேட்டால் இதை நீட்டிவிடலாம்.

ரேடியோ 4 என்றால் என்ன? நாளெல்லாம் செய்தி வாசிப்பார்களா?

செய்தி உண்டு, ஆனால் அது ஒரு பகுதிதான். நாடகம், நகைச்சுவை, விவசாயம், அறிவியல், தோட்டக்கலை, கதை வாசிப்பு, நாடாளுமன்றம், கடல் வானிலை என்று மனிதக் குரலால் செய்யக்கூடிய எல்லாமும் ஒரே அலைவரிசையில், ஒரே நாளில் வந்துபோகும். முழுக்க முழுக்கப் பேச்சு வானொலி. இசை வந்தால் ஏதாவது ஒரு பேச்சுக்குத் துணையாக வரும். பாட்டுக்காகப் பாட்டு போடுவதில்லை.

இந்தப் பெயர் 1967 செப்டம்பர் 30 அன்று வந்தது. அதற்கு முன் இதே நிலையம் 'ஹோம் சர்வீஸ்' என்ற பெயரில் இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939 செப்டம்பரிலிருந்து இயங்கியது. 1967-இல் பிபிசி தன் வானொலிகளுக்கு எண் போட்டது. பாப் இசைக்குப் புதிதாக ரேடியோ 1. ஜனரஞ்சகமான 'லைட் புரோகிராம்' ரேடியோ 2 ஆனது. செவ்வியல் இசையும் இலக்கியமும் இருந்த 'தேர்ட் புரோகிராம்' ரேடியோ 3. ஹோம் சர்வீஸ் ரேடியோ 4.

நாம் சிற்றலையில் கேட்ட பிபிசி தமிழோசை இதில்தான் வந்ததா?

இல்லை. கொல்லைப்புறத்தில் கம்பி கட்டி நம் தாத்தாக்கள் கேட்டது பிபிசியின் உலக சேவை. அதில் தமிழ் ஒலிபரப்பு 1941 மே 3 அன்று தொடங்கியது. 'தமிழோசை' என்று பெயர் வைத்தவர் யாழ்ப்பாணத்துக்காரரான சோ. சிவபாதசுந்தரம். 2017 ஏப்ரல் 30 அன்று அந்த வானொலி ஒலிபரப்பு நின்றது. ரேடியோ 4 பிரிட்டன் மக்களுக்காக அந்த நாட்டுக்குள்ளேயே நடத்தப்படுவது. இரண்டும் ஒரு தாய் மக்கள் என்று சொல்லலாம். ஓர் உறவும் இருக்கிறது: நள்ளிரவு தாண்டி 1 மணிக்கு ரேடியோ 4 தூங்கப் போகும்போது அலைவரிசையை உலக சேவையிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும். விடியுமுன் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

விடிந்ததும் முதலில் என்ன வரும்?

5 மணிக்கு மேல் செய்திச் சுருக்கம், கடல் வானிலை, ஒரு சிறு பிரார்த்தனை. 5.45-க்கு 'ஃபார்மிங் டுடே'. ஆட்டு நோய், பால் விலை, ஊர்க்காரர் எதிர்ப்பால் நிற்கும் கோழிப்பண்ணை என்று கால் மணி நேரத்துக்கும் குறைவாக ஓடும். நம் ஆகாசவாணியின் பண்ணை நிகழ்ச்சிகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது உடனே வீட்டு வாசனை அடிக்கும். லண்டன் அடுக்குமாடியில் பல் துலக்கிக்கொண்டிருப்பவனுக்கு ஆட்டு நோயைப் பற்றித் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். ஆறு மணிச் செய்திக்காக வானொலியைச் சற்று முன்னதாகத் திறந்தவன் அவன். ஆட்டைக் கேட்க அவன் வரவில்லை, ஆனாலும் ஆடு வந்துவிட்டது. எனக்கு இந்த நிலையம் பிடித்துப்போனதற்குக் காரணமே இப்படித் தேடாமல் வந்து சேர்கிறவைதாம்.

'டுடே' நிகழ்ச்சியைப் பற்றிப் பத்திரிகைகளில்கூட எழுதுகிறார்களே, அது என்ன?

வார நாட்களில் காலை 6 முதல் 9 வரை மூன்று மணி நேரம். 1957 அக்டோபர் 28 அன்று தொடங்கியபோது சற்று லேசான காலை நிகழ்ச்சியாக இருந்தது. இன்று பிரிட்டிஷ் அரசியலின் காலை நேரக் கூண்டு. 8 மணிச் செய்தி முடிந்ததும், 8.10 வாக்கில், அமைச்சரோ எதிர்க்கட்சித் தலைவரோ வந்து நிற்பார். தொகுப்பாளர் குறுக்கே விழுந்து குறுக்கே விழுந்து கேட்பார். 1987 முதல் 2019 வரை அங்கே இருந்த ஜான் ஹம்ஃப்ரிஸ் இந்த வேலைக்கே பேர்போனவர். அது மரியாதைக் குறைவு என்று சிலருக்குக் கோபம்; எனக்கு அமைச்சரைப் பேசவிட்டு வேடிக்கை பார்க்கும் பேட்டிகளைவிட அது எவ்வளவோ மேல்.

அந்தச் சண்டைக்குச் சற்று முன்னால், 7.45-ஐ ஒட்டி, 'தாட் ஃபார் த டே' என்று மூன்று நிமிடத்துக்கும் குறைவான ஒரு சமயச் சிந்தனை. பாதிரியார், ரப்பி, இமாம், இந்து, சீக்கியர் என்று ஆள் மாறிக்கொண்டே இருப்பார். சீக்கியரான இந்தர்ஜித் சிங் 35 ஆண்டுகள் இதில் பேசிவிட்டு, தம் பேச்சுகளில் தலையிடுகிறார்கள் என்று சொல்லி 2019-இல் விலகினார்.

மணிக்கு மணி 'பிப் பிப்' என்று கேட்கிறதே?

கிரீன்விச் நேர ஒலி. மொத்தம் ஆறு. முதல் ஐந்தும் பத்தில் ஒரு நொடி நீளம், ஆறாவது அரை நொடி. அந்த ஆறாவது ஒலி தொடங்கும் கணம்தான் சரியான மணி. முடியும் கணம் என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். 1924 பிப்ரவரி 5 முதல் ஒலிக்கிறது. அரச வானியலாளராக இருந்த ஃபிராங்க் டைசனின் யோசனை. உலக நேரத்தில் ஒரு நொடியைக் கூட்டும்போது ஏழு பிப் வரும்.

மாலை 6 மணிக்கும் நள்ளிரவுக்கும் பிப்புக்குப் பதில் நாடாளுமன்றக் கோபுரத்தின் பிக் பென் மணி நேரலையில் ஒலிக்கும். 2017-இல் தொடங்கிய பழுதுபார்ப்பால் நின்றுபோன இந்த வழக்கம் 2023 நவம்பரில்தான் திரும்பியது.

ஒரு வேடிக்கை: இணையத்திலோ டிஜிட்டல் வானொலியிலோ கேட்டால் பிப் பல நொடிகள் தாமதமாக வந்து சேரும். இவ்வளவு துல்லியமாகப் பிறந்து, வழியில் சோம்பேறியாகிவிடுகிறது. கடிகாரத்தைச் சரிசெய்ய அதை நம்ப வேண்டாம்.

9 மணிக்கு அமைச்சர் போன பிறகு?

கிழமையைப் பொறுத்தது. திங்களன்று 'ஸ்டார்ட் த வீக்' என்று எழுத்தாளர்களும் ஆய்வாளர்களும் கூடும் உரையாடல். செவ்வாயன்று இயற்பியலாளர் ஜிம் அல்-கலீலி ஒரு விஞ்ஞானியை உட்காரவைத்து வாழ்க்கையைக் கேட்கும் 'தி லைஃப் சயின்டிஃபிக்'.

வியாழன் என்றால் நான் வேறு வேலை வைத்துக்கொள்ள மாட்டேன். 'இன் அவர் டைம்'. 1998 அக்டோபரில் மெல்வின் பிராக் தொடங்கியது. ஏற்பாடு இவ்வளவுதான்: ஒரு தலைப்பு, மூன்று பேராசிரியர்கள், சுமார் முக்கால் மணி நேரம். பின்னணி இசை கிடையாது, "இதோ ஒரு சிறு இடைவேளை" கிடையாது. இந்த வாரம் பகவத் கீதை என்றால் அடுத்த வாரம் வேதித் தனிமம், அதற்கடுத்து இடைக்காலத் துறவி ஒருத்தி. பிராக் எந்தத் தலைப்பிலும் நிபுணராக நடிக்கவில்லை; ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் போல "அது சரி, அதற்கு முன்னால் என்ன நடந்தது, அதைச் சொல்லுங்கள்" என்று பேராசிரியரை வழிக்குக் கொண்டுவருவார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளுக்குப் பிறகு 2025-இல் அவர் விலகினார். ஒலிக்கோப்பாகக் கேட்டால் இறுதியில் ஒரு வால் ஒட்டியிருக்கும்: நேரம் முடிந்த பிறகும் பேராசிரியர்கள் "இதைச் சொல்லாமல் விட்டுவிட்டோமே" என்று பேசிக்கொண்டிருப்பார்கள், தயாரிப்பாளர் உள்ளே வந்து டீயா காபியா என்று கேட்பார். அந்த டீ எனக்குப் பிடித்த பகுதி.

'வுமன்ஸ் அவர்' பெண்களுக்கு மட்டுமா?

பெண்களைப் பற்றியது, கேட்பதற்குத் தடை ஏதுமில்லை. 1946 அக்டோபர் 7 அன்று, லைட் புரோகிராமில், பகல் 2 மணிக்குத் தொடங்கியது. மதியச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவிவிட்டுச் சற்று உட்காரும் நேரம் என்று கணக்குப் போட்டார்கள். அதன் முதல் தொகுப்பாளர் ஓர் ஆண்! ஆலன் ஐவிமி என்பவர். பெண்களின் நேரத்தைப் பெண்ணிடம் கொடுக்கத் துணிவு வரச் சிறிது காலம் பிடித்தது.

ஆனால் பேச்சில் துணிவு இருந்தது. மாதவிடாய் நிற்பதைப் பற்றி வீட்டுக்குள்ளேயே பேசாத காலத்தில், தொடங்கிய சில ஆண்டுகளிலேயே வானொலியில் பேசினார்கள். 1973-இல் ரேடியோ 4-க்கு வந்தது. 1987 முதல் 2020 வரை ஜென்னி மர்ரி நடத்தினார். இப்போது வார நாட்களில் காலை 10 மணி. ஓர் அமைச்சரைக் கேள்வி கேட்ட அதே மூச்சில் குழம்பு வைப்பதைப் பற்றியும் கேட்க முடியும் என்பதை இந்த நிகழ்ச்சியில்தான் முதலில் பார்த்தேன். இரண்டும் ஒரே எடையோடு நடக்கும்.

பிற்பகலில் தூக்கம் வராதா?

வரும். 1 மணிக்கு 'தி வேர்ல்ட் அட் ஒன்' என்ற செய்தி அலசல் (1965 முதல்). பிறகு 2.15-க்கு நாடகம். பெரும்பாலும் ஒரே நாளில் தொடங்கி முடியும் 45 நிமிட நாடகம். கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிற நாடகம் என்பது வானொலி நாடகம் கேட்டவர்களுக்குத் தெரியும். எல்லாமும் நன்றாக இருக்காது; அழுகிற மகளும் மறதி நோய் வந்த அப்பாவும் கொஞ்சம் அளவுக்கு மீறி வருவார்கள்.

வெள்ளி பிற்பகல் 3 மணிக்கு 'கார்டனர்ஸ் கொஸ்டின் டைம்'. 1947-இல் மான்செஸ்டருக்கு அருகே ஒரு விடுதியில் தொடங்கியது. ஊர் ஊராகப் போய், மண்டபத்தில் கூடியவர்கள் "என் ரோஜாவில் கரும்புள்ளி" என்று கேட்க, நிபுணர் குழு பதில் சொல்லும். வீட்டில் தொட்டிச் செடிகூட இல்லாதவர்கள் இதைக் கேட்கிறார்கள். நானும் அந்த வகை.

சிரிக்கவே வழியில்லையா?

மாலை 5-க்கு 'பிஎம்' என்ற செய்தி நிகழ்ச்சி, 6 மணிக்குப் பிக் பென் அடித்து அரை மணிச் செய்தி. உலகம் எவ்வளவு மோசமாகப் போனாலும் 6.30-க்குச் சிரிப்பு தொடங்கிவிடும். இந்த ஒட்டுதலைத் திட்டமிட்டவருக்கு ஒரு சால்வை போர்த்தலாம்.

'ஜஸ்ட் எ மினிட்' 1967 டிசம்பரில் தொடங்கியது. கொடுத்த தலைப்பில் 60 நொடி பேச வேண்டும்: தயங்கக் கூடாது, சொன்ன சொல்லைத் திரும்பச் சொல்லக் கூடாது, தலைப்பை விட்டு விலகக் கூடாது. கேட்க எளிது. வீட்டில் தமிழில் முயன்று பாருங்கள். "வந்து" என்று இழுத்த மாத்திரத்தில் ஆட்டம் போய்விடும். நிக்கோலஸ் பார்சன்ஸ் அரை நூற்றாண்டுக்கு மேல் இதன் நடுவராக இருந்தார். 2012-இல் மும்பைக்கு வந்து பதிவுசெய்த நிகழ்ச்சிகளும் உண்டு.

1972-இல் தொடங்கிய 'ஐ'ம் சாரி ஐ ஹேவன்ட் எ க்ளூ' இன்னொரு ரகம். அதில் 'மார்னிங்டன் கிரெசன்ட்' என்றொரு விளையாட்டு. லண்டன் சுரங்க ரயில் நிலையங்களின் பெயர்களை ஒருவர் மாற்றி ஒருவர் சொல்வார்கள். யார் முதலில் மார்னிங்டன் கிரெசன்ட் என்று சொல்கிறாரோ அவருக்கு வெற்றி. அப்படியானால் முதல் ஆளே சொல்லிவிடலாமே? கூடாது, விதி இடம்தராது. விதி என்ன? அதைத்தான் யாரும் சொல்வதில்லை. விதியே கிடையாது என்பதுதான் நகைச்சுவை, இல்லாத விதியை மீறிவிட்டதாக ஆடுபவர்கள் சீறுவதும், அவையோர் "ஆகா, என்ன நகர்வு!" என்று வாய்பிளப்பதும்தான் ஆட்டம்.

'தி ஆர்ச்சர்ஸ்' என்ற தொடரை 70 வருடமாகவா கேட்கிறார்கள்?

அதற்கும் மேல். சோதனையாக 1950-இல் ஒரு வாரம் வந்தது. 1951 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும். உலகிலேயே மிக நீண்ட காலம் ஓடிவரும் நாடகத் தொடர் இதுதான். ஆம்பிரிட்ஜ் என்ற கற்பனைக் கிராமம், அங்கே ஆர்ச்சர் குடும்பம், 'தி புல்' என்ற மதுக்கடை. மாலை 7 மணிச் செய்தி முடிந்ததும் 13 நிமிடம், சனிக்கிழமை விடுமுறை. வார முழுவதும் தவறவிட்டவர்களுக்கு ஞாயிறு காலையில் மொத்தமாக.

பிறந்த கதை சுவையானது. போருக்குப் பின்னும் பிரிட்டனில் உணவு ரேஷன் நீடித்தது. விளைச்சலைக் கூட்ட விவசாயிகளுக்குப் புதிய முறைகளைச் சொல்ல வேண்டும். 1948-இல் பர்மிங்ஹாமில் நடந்த கூட்டத்தில் ஒரு விவசாயி எழுந்து, அப்போது நாடே கேட்டுக்கொண்டிருந்த 'டிக் பார்ட்டன்' என்ற துப்பறியும் தொடரைச் சொல்லி, எங்களுக்கு ஒரு விவசாய டிக் பார்ட்டன் வேண்டும் என்றார். பிபிசியின் காட்ஃப்ரி பேஸ்லி அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். ஆக, உர அளவும் மாட்டு நோயும் காதலுக்கும் சண்டைக்கும் நடுவே செருகி ஊட்டப்பட்டன. குழந்தைக்கு நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுகிற அதே உத்தி. விவசாய அமைச்சகமும் இதில் சேர்ந்திருந்தது. இன்று பாடம் நடத்துவது போய்விட்டது. ஆனால் நிலமும் மழையும் பால் விலையும் கதைக்குள் இருக்கின்றன. 2001-இல் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவியபோது கதையை அவசரமாகத் திருத்தி எழுதினார்கள்.

1955 செப்டம்பர் 22 அன்று பிரிட்டனின் முதல் விளம்பரத் தொலைக்காட்சியான ஐடிவி தொடங்கியது. அதே மாலை ஆர்ச்சர்ஸில் கிரேஸ் என்ற இளம் மனைவி தீயில் சிக்கி இறந்தாள். மறுநாள் ஊர் முழுக்கப் பேச்சு புதுத் தொலைக்காட்சியைப் பற்றியல்ல, கிரேஸைப் பற்றித்தான். தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும்.

எனக்கு மறக்காதது ஹெலன் கதை. அன்பானவனாக வந்த கணவன் ராப், சிறிது சிறிதாக அவளுடைய வேலையை, தோழிகளை, தன்னம்பிக்கையைப் பறித்துக்கொள்கிறான். இரண்டு ஆண்டுகளுக்கு மேல், நாளுக்கு 13 நிமிடமாக, நேயர் காதருகே நடந்தது. அடி உதை இல்லாத கொடுமை எப்படி இருக்கும் என்று ஒரே மூச்சில் இரண்டு மணி நேரத்தில் காட்டிவிட முடியாது. தினமும் கொஞ்சமாகக் கேட்டால்தான் புரியும். 2016 ஏப்ரலில் அவள் அவனைக் கத்தியால் குத்தினாள். செப்டம்பரில் விசாரணை முடிந்து விடுதலை. இப்படிப்பட்ட கட்டுப்படுத்தும் கொடுமை இங்கிலாந்தில் 2015 டிசம்பரில்தான் தனிக் குற்றமாகியிருந்தது. நேயர் ஒருவர் தொடங்கிய நிதிக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்கான அமைப்பு ஒன்றுக்குப் போனது.

ஒலிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரும்புக் கேட் திறக்கும் சத்தத்துக்குப் பழைய இஸ்திரிப் பலகை. ஆட்டுக்குட்டி பிறக்கும் சத்தத்துக்கு ஈரத் துண்டும் தயிரும்.

இரவில் என்ன கேட்கலாம்?

10 மணிக்கு 'தி வேர்ல்ட் டுநைட்' என்ற உலகச் செய்தி, 10.45-க்கு 'புக் அட் பெட்டைம்' என்று ஒரு நாவலைத் தவணை முறையில் வாசிப்பார்கள். 11.30-க்கு நாடாளுமன்றத்தில் அன்று நடந்தது. எதை விட்டாலும் 12.48-ஐ விடாதீர்கள்.

அது என்ன 12.48?

அடுப்படியில் ஓதும் அந்தக் குரல். 'ஷிப்பிங் ஃபோர்காஸ்ட்', கடலோடிகளுக்கான வானிலை. அதற்கு முன்னால் ரொனால்ட் பிஞ்ச் இயற்றிய 'செய்லிங் பை' என்ற இசை, படகை மெல்ல ஆட்டுவதுபோல் ஒலிக்கும். அலங்காரத்துக்காக மட்டுமல்ல: கடலில் இருப்பவர் வானொலியைத் திருகி நிலையத்தைப் பிடிக்க அவகாசம், அறிவிப்பாளருக்கு 12.48 வரை நேரத்தை நிரப்ப வசதி.

பிரிட்டனைச் சுற்றியுள்ள கடலை 31 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். நார்வே பக்கத்திலுள்ள வைக்கிங்கில் தொடங்கி, ஃபார்ட்டீஸ், டாகர், தேம்ஸ், டோவர் என்று வலஞ்சுழியாகச் சுற்றித் தென்கிழக்கு ஐஸ்லாந்தில் முடியும். கோயில் பிரகாரம் சுற்றுகிற மாதிரிதான். ஒவ்வொரு பகுதிக்கும் காற்று, வானிலை, பார்வைத் தெளிவு, இதே வரிசையில். "தென்மேற்கு 5 முதல் 7. மழை. நல்லது, சில வேளை மோசம்." இதில் 'நல்லது' என்றால் ஐந்து கடல் மைலுக்கு மேல் கண்ணுக்குத் தெரியும் என்று பொருள். எண்கள் பியூஃபோர்ட் காற்று அளவு. "சீக்கிரம்" என்றால் 6 முதல் 12 மணி நேரத்துக்குள். "பிறகு" என்றால் 12 மணி நேரத்துக்கு மேல். ஒரு சொல்லும் வீணில்லை, ஏனென்றால் மொத்தமே சுமார் 350 சொற்கள், இந்த இரவு அறிவிப்புக்கு மட்டும் சற்றுக் கூடுதல். தயாரிப்பது பிரிட்டன் வானிலைத் துறை.

பகுதிப் பெயர்களில் ஒன்று மட்டும் ஒரு மனிதருடையது: ஃபிட்ஸ்ராய். டார்வினை ஏற்றிச் சென்ற பீகிள் கப்பலின் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய்தான் பிரிட்டன் வானிலைத் துறையைத் தொடங்கியவர். 1859-இல் 'ராயல் சார்ட்டர்' என்ற கப்பல் வேல்ஸ் கரையோரம் புயலில் உடைந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அதன் பிறகு அவர் தந்தி வழியாகப் புயல் எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தார். ஃபினிஸ்டெர் என்றிருந்த கடல்பகுதிக்கு 2002-இல் அவர் பெயரை வைத்தார்கள்.

கப்பல்களுக்கு இப்போது வேறு கருவிகள் இருக்கின்றன. ஆனாலும் படகில் காலே வைக்காத லட்சக்கணக்கானோர் இதைக் கேட்டுத்தான் தூங்குகிறார்கள். வெளியே எங்கோ புயல், நாம் போர்வைக்குள். இந்தியாவில் அப்போது குளிர்காலமானால் காலை 6.18, கோடையானால் 5.18. அங்கே தாலாட்டு, இங்கே சுப்ரபாதம்.

'டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்' எந்த நாள்?

ஞாயிறு காலை. தனித் தீவில் ஒதுங்கினால் எந்த எட்டு இசைத்தட்டுகளை எடுத்துப்போவீர்கள் என்று ஒரு பிரபலத்தைக் கேட்பார்கள். பைபிளும் ஷேக்ஸ்பியரும் அங்கே ஏற்கெனவே இருக்கும். கூட ஒரு புத்தகமும் ஓர் ஆடம்பரப் பொருளும் எடுத்துக்கொள்ளலாம். 1942 ஜனவரி 29 அன்று ராய் பிளம்லி தொடங்கினார். போர்க்காலத் தணிக்கை காரணமாக ஆரம்பத்தில் உரையாடலை எழுதிவைத்துத்தான் வாசித்தார்கள். பாடகி எலிசபெத் ஷ்வார்ட்ஸ்காஃப் எட்டில் ஏழு தாம் பாடியவற்றையே கேட்டு வாங்கினார் என்பது இன்றும் சொல்லிச் சிரிக்கிற கதை.

விளம்பரமே இல்லையே, செலவுக்குப் பணம்?

தொலைக்காட்சி உரிமக் கட்டணம். 2025 ஏப்ரலில் அது வீட்டுக்கு ஆண்டுக்கு 174.50 பவுண்டாக இருந்தது. வானொலிக்கென்று தனி உரிமம் இருந்ததை 1971-இலேயே எடுத்துவிட்டார்கள். ஆகவே வானொலி மட்டும் வைத்திருப்பவர் ஒரு காசும் தராமல் கேட்கலாம்.

நிகழ்ச்சி நேரத்தை மாற்றினால் ஊர்வலம் போவார்களாமே?

உண்மையாகவே போனார்கள். 1990-களின் தொடக்கத்தில் ரேடியோ 4-இன் நெட்டலையை முழு நேரச் செய்திக்குக் கொடுக்கப் பிபிசி நினைத்தபோது நேயர்கள் தெருவில் இறங்கினார்கள், திட்டம் கைவிடப்பட்டது. 2006-இல் காலையில் ஒலித்துவந்த, ஃபிரிட்ஸ் ஷ்பீகல் தொகுத்த 'யுகே தீம்' என்ற நாட்டுப்புற மெட்டுக் கதம்பத்தை நிறுத்தியபோது நாடாளுமன்றம் வரை புகார் போனது. அந்த முறை நேயர்கள் தோற்றார்கள்.

சில நேரம் இந்தப் பிடிவாதம் எனக்கே எரிச்சலூட்டும். நேயர்களில் நடுவயது தாண்டிய, வசதியான, தெற்கு இங்கிலாந்துக்காரர்கள் அதிகம். நிலையத்தின் குரலும் அவர்களை ஒட்டியே நெடுங்காலம் இருந்தது. வட்டார உச்சரிப்போடு ஒருவர் செய்தி வாசித்தால் கடிதம் எழுதுகிற கூட்டம் அது. ஆனால் இந்த நிலையத்தையே கடிகாரமாக வைத்துப் பழகிக்கொண்டவர்களின் அரை மணியை நகர்த்தினால், அவர்கள் வீட்டு மேசையை நகர்த்தியது போலத்தான்.

நீர்மூழ்கிக் கப்பல் கதை உண்மையா?

வரலாற்றாசிரியர் பீட்டர் ஹென்னசி எழுதியிருப்பது இது: பிரிட்டனின் அணு ஆயுத நீர்மூழ்கித் தலைவர், நாடு அழிந்துவிட்டதா என்று அறியப் பார்க்கும் அடையாளங்களில் ஒன்று, ரேடியோ 4 இன்னும் ஒலிக்கிறதா என்பது. ஒலிக்கவில்லை என்றால், பிரதமர் கைப்பட எழுதிப் பெட்டகத்தில் வைத்த கடிதத்தைப் பிரிப்பார். அரசு இதற்கெல்லாம் வாய் திறக்காது.

தமிழ்நாட்டிலிருந்து எப்படிக் கேட்பது?

இணையத்தில்தான். 'பிபிசி சவுண்ட்ஸ்' செயலியை 2025-இல் வெளிநாட்டு நேயர்களுக்கு மூடிவிட்டார்கள்; ஆனால் ரேடியோ 4 நேரலை பிபிசியின் பொதுத் தளத்திலும் செயலியிலும் கிடைக்கிறது. நேரக் கணக்கு: மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பிரிட்டன் நேரத்தோடு நாலரை மணி கூட்டுங்கள், மற்ற மாதங்களில் ஐந்தரை. 'டுடே' நமக்கு முற்பகலில் தொடங்கும். 'வுமன்ஸ் அவர்' பிற்பகல் டீ நேரம். ஆர்ச்சர்ஸ் கோடையில் இரவு 11.30, குளிர்காலத்தில் நள்ளிரவு தாண்டி. அதைப் பின்னர் கேட்டுக்கொள்வதே உடம்புக்கு நல்லது.

என் ஆங்கிலம் சுமார்தான். எதில் தொடங்கலாம்?

நகைச்சுவையில் வேண்டாம், அவர்கள் ஊர் அரசியலும் சிலேடையும் தெரியாமல் சிரிப்பு வராது. ஆர்ச்சர்ஸிலும் யார் யாருக்கு மாமன் என்று பிடிபட ஒரு மாதம் ஆகும். 1955-இலிருந்து வரும் 'ஃப்ரம் அவர் ஓன் கரஸ்பான்டன்ட்' கேளுங்கள். வெவ்வேறு நாட்டு நிருபர்கள் தாங்கள் கண்டதைச் சில நிமிடக் கட்டுரையாக எழுதி, நிறுத்தி வாசிப்பார்கள். ஒன்று புரியாவிட்டால் அடுத்தது வந்துவிடும். அதைக் கேட்டு முடித்ததும் அணைக்காமல் இன்னும் ஒரு பத்து நிமிடம் விட்டுவைத்துப் பாருங்கள்.